நெல் தரிசில் உளுந்து

தலைஞாயிறு,
17.8.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. இன்று ஆவணி முதல் நாள். மேட்டூர் அணையை இந்த வருஷம் ஜூன் 12-லேயே திறந்துவிட்டார்கள். நம் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடுகிறது. மேலத்தெருக்காரர்கள் சம்பாவுக்கு நேரடி விதைப்பு தெளித்து முடித்துவிட்டார்கள். நம் வயலில் நாளைக்குத் தெளிக்கிறோம். ஜெர்மனிக்குப் படிக்கப் போவதால், நான் ஊரில் இருந்து பார்க்கிற விதைப்பு இனி இரண்டு வருஷம் கழித்துத்தான்.

போன வாரம் போனை வைக்கும்போது ஒன்று கேட்டாய். "பத்து வருஷத்துக்கு மேல புஸ்தகத்தைத் தொடாதவங்க மறுபடி உக்காந்து படிச்சா மண்டையில ஏறுமாக்கா?" யாருக்காகவோ விசாரிப்பது போலத்தான் கேட்டாய். உனக்காகக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதற்குப் போனில் ஒரு வரியில் பதில் சொல்லிவிட மனம் வரவில்லை. என் படிப்புக்காக உன் கையில் கிடந்த இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தவள் நீ. கேட்காவிட்டாலும் உனக்கு முழுக்கணக்கும் சொல்ல வேண்டியது என் கடமை. அதனால்தான் இந்தக் கடிதம்.

2010-ல் நான் சிவில் இன்ஜினீயரிங் முடித்தேன். இரண்டு வருஷம் கட்டட வேலை. 2012-ல் அப்பாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததும் ஊருக்கு வந்தேன். ஒரு போகம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தேன். அந்த ஒரு போகம் பதின்மூன்று வருஷமாகிவிட்டது. கல்யாணம், என் மகள் குட்டி பிறந்தது, கஜா புயல், அப்பா போனது எல்லாம் அதற்குள்தான். சென்ற வருஷம் பொங்கல் முடிந்ததும் பழைய ஹைட்ராலிக்ஸ் புத்தகத்தைத் தூசி தட்டித் திறந்தேன். முதல் பக்கத்தில் இருந்த வகைக்கெழு எனக்கு ஏதோ வேற்று மொழி போலத் தெரிந்தது. புத்தகத்தை மூடிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். அன்று இரவு அழுதேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இறக்கிக்கொண்டேன். அதிலிருந்தே ஆரம்பித்தேன். இதில் ஒரு வெட்கமும் வேண்டாம், பாப்பா. எந்தப் படியில் கால் நிற்கிறதோ அந்தப் படியிலிருந்துதான் ஏற முடியும். காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்படித் திண்ணையில் உட்காருவேன். முதல் வாரம் இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. கணக்கு ஒருபுறம் கடினம்தான். ஆனால் அதைவிட உட்காருவது கடினமாக இருந்தது. கேஸ் தீர்ந்ததா, கொல்லையில் மாடு கத்துகிறதே, அம்மா மாத்திரை போட்டார்களா என்று மனம் எழுந்து எழுந்து ஓடியது. நம்மைப் போன்றவர்களின் உடம்பு வருஷக்கணக்காகப் பிறர் கூப்பிட்டால் எழுந்து போகவே பழகியிருக்கிறது. அதை ஓரிடத்தில் இருத்துவதுதான் முதல் பாடம். அந்தப் பாடத்துக்கு எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. சித்திரையில் இரண்டு மணி நேரம் எழாமல் உட்கார முடிந்தது. பேனா பிடித்து எழுதியதில் விரல் வலித்தது. அதுவும் சரியாகிவிட்டது.

ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நேரில் போய்த் தேர்வு எழுதினால் சான்றிதழும் தருகிறார்கள், அதற்கு மட்டும் கட்டணம். திறந்த வாய்க்காலில் நீர் ஓடுவது பற்றிய பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை எடுத்தேன். அதில் மானிங் சூத்திரம் வந்தது. வாய்க்காலின் வடிவம், சரிவு, அதன் சொரசொரப்பு ஆகியவற்றிலிருந்து நீரின் வேகத்தைக் கணக்கிடுகிற சூத்திரம். கல்லூரியில் அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன். இப்போது படித்தபோது அந்தச் சொரசொரப்பு எண் என்னவென்று சட்டென்று விளங்கிவிட்டது. நம் வாய்க்காலில் மண்டுகிற நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும்தான் அது! வெட்டிச் சுத்தமாக வைத்த மண் வாய்க்காலுக்கு அந்த எண் 0.025-க்கு அருகில் இருக்கும். செடி மண்டினால் 0.05-க்கும் மேலே போய்விடும். எண் இரட்டித்தால், அதே ஆழத்திலும் அதே சரிவிலும் நீரின் வேகம் பாதியாகிவிடும். தலைமடையில் தண்ணீர் துள்ளிக்கொண்டு போக, கடைமடையில் நாம் வரப்பில் நின்று ஏங்கியதற்குப் பாதிக் காரணம் இந்த ஒற்றை எண்ணுக்குள் இருந்தது. இருபது வயதில் இது எனக்கு வெறும் எண். முப்பத்தாறு வயதில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் செடி பிடுங்கிய கைக்கு இது தெரிந்த சங்கதி. மண்டையில் ஏறுமா என்று கேட்டாயே, ஏறுகிறது. முன்பு ஏறாத இடத்துக்கும் ஏறுகிறது.

அடுத்தது ஆங்கிலம். ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். வாசித்தலில் ஒரு மணி நேரத்தில் மூன்று நீண்ட கட்டுரைகளைப் படித்து நாற்பது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எழுதுதலில் இன்னொரு மணி நேரத்தில் இரண்டு கட்டுரை, ஒன்று 150 சொல்லுக்குக் குறையாமல், மற்றது 250 சொல்லுக்குக் குறையாமல். பெரும்பாலான படிப்புகள் 6.5 கேட்கின்றன. முதல் தடவை எழுதுதலில் எனக்கு 5.5 வந்தது. பெரிய வார்த்தைகளைத் தேடித் தேடிப் போட்டிருந்தேன். இரண்டாவது தடவை, தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு, ஒரு பத்தியில் ஒரு கருத்தை மட்டும் சொல்லி நிறுத்தினேன். 6.5 வந்தது. இந்த மதிப்பெண் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். அதனால் எங்கே, எப்போது விண்ணப்பிப்பது என்று முடிவு செய்த பிறகு தேர்வுக்குப் பணம் கட்டு.

ஜெர்மன் மொழியும் ஏ-1 வரை படித்தேன். பாடம் ஆங்கிலத்தில்தான் என்றாலும் கடைத்தெருவும் பக்கத்து வீடும் ஜெர்மனில்தான் பேசும். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் போய்த் தேர்வு எழுதினேன். அந்த மொழியில் சொற்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகிறார்கள். "வாசர்" என்றால் தண்ணீர், "ஹோஹ்" என்றால் உயரமான. "ஹோஹ்வாசர்" என்றால் வெள்ளம். நிலத்தடி நீர் "குருண்ட்வாசர்". குட்டி இதைக் கேட்டுவிட்டு, வாய்க்காலைப் பார்க்கும்போதெல்லாம் வாசர் வாசர் என்று கூவுகிறாள்.

ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று அம்மா தினமும் கேட்கிறார்கள். அங்கே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீர் அறிவியலும் பொறியியலும் சேர்ந்த முதுகலைப் படிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. அது ஒரு காரணம். இன்னொன்றை உனக்குச் சொல்கிறேன். 1898-ல் ஹூபர்ட் எங்கல்ஸ் என்ற பேராசிரியர் அங்கே ஆற்றுப் பொறியியலுக்கென்று ஒரு நிலையான ஆய்வகத்தை அமைத்தார். உலகத்தில் அப்படி ஒன்று அமைந்தது அதுவே முதல் தடவை என்கிறார்கள். ஆற்றைச் சிறியதாக்கி மணல் பரப்பிய தொட்டிக்குள் ஓடவிட்டு, எங்கே மண் அரிக்கிறது, எங்கே மேடு தட்டுகிறது என்று அளந்தார்கள். அதைப் படித்ததும் நாம் இரண்டு பேரும் அரிச்சந்திரா நதிக் கரையில் மணலைக் கீறி வாய்க்கால் வெட்டி, கொட்டாங்கச்சியால் தண்ணீர் ஊற்றி விளையாடியதுதான் ஞாபகம் வந்தது.

அந்த ஊரும் வெள்ளத்துக்குத் தப்பாத ஊர். 2002 ஆகஸ்டில் எல்பே ஆறு 9.40 மீட்டர் உயரத்துக்கு ஏறியது. உச்சம் தொட்ட நாள் ஆகஸ்ட் 17, சரியாக இன்றைய தேதி. அதற்கு முன்பே வைசரிட்ஸ் என்ற கிளையாறு ரயில் நிலையத்துக்குள் புகுந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஆற்றை நகரத்துக்காகத் திருப்பிவிட்டிருந்தார்களாம். நூறு வருஷம் கழித்துத் தன் பழைய படுகையைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. தண்ணீர் வந்த வழியை மறக்காது என்று அப்பா சொல்வாரே, அதேதான். தண்ணீரிடம் அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஊரில் போய்ப் படிக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். கோடையில் நம் ஆற்றில் கடல் நீர் ஏறுகிறதே, அந்த உப்பை எந்த இடத்தில், எப்படித் தடுப்பது என்பதுதான் நான் கற்றுக்கொண்டு வர நினைப்பது.

இனி காகிதங்களின் கதை. கஜா அடித்தது 2018 நவம்பர் 16. கூரை பிய்ந்து டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் போனதும், மறுநாள் சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாக அம்மியின் மேல் விரித்து அம்மா காய வைத்ததும் உனக்குத் தெரியும். என் ஆறாவது செமஸ்டர் மதிப்பெண் பட்டியலில் மை ஊறியிருந்தது. அதற்கு நகல் வாங்கவே மாதங்கள் ஓடின. ஆகவே எந்தப் படிப்பு, எந்த நாடு என்று யோசிப்பதற்கு முன்பே உன் காகிதங்களை எடுத்துச் சரிபார். எல்லா செமஸ்டரும் இருக்கிறதா, எல்லாவற்றிலும் பெயரும் முன்னெழுத்தும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பார். ஜெர்மனிக்கு என்றால் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும். நம் பட்டம் உண்மையானது என்று சரிபார்த்துத் தருவது அது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நான் அதற்கு 18,000 ரூபாய் கட்டினேன். நம் மதிப்பெண்ணை அவர்கள் அளவுக்கு மாற்றிப் பார்ப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அங்கே 1 தான் முதல் தரம், 4 என்றால் தேர்ச்சி. நான் வாங்கியது 72 சதவீதம். நூறிலிருந்து 72-ஐக் கழித்து, வருகிற 28-ஐ 50-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 2.68. வகுக்கிற 50, நம் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் நூறுக்கும் உள்ள தூரம். உன் மார்க்கையும் இப்படிப் போட்டுப் பார்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். இப்போது அது 11,904 யூரோ, நம் பணத்தில் ஏறக்குறைய 12 லட்சம். போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோ வீதம் நம் கைக்கு வரும். அத்தான் கட்டிய சீட்டுப் பணம், என் நகைக்கடன், உன் வளையல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வயது கூடியவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. முப்பது வயது தாண்டினால் மாணவர்களுக்கான சலுகைக் கட்டணத்தில் அவர்களுடைய பொது மருத்துவக் காப்பீடு கிடைக்காது. தனியார் காப்பீடுதான் எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதிய ஆலோசனைகளில் இதெல்லாம் இருக்காது. நாம்தான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவையும் தாண்டிய பிறகு நான் முட்டி நின்றது ஒரே ஒரு பக்கத்தில். ஏன் படிக்க விரும்புகிறேன் என்று நாமே எழுதித் தரும் கடிதம். படிப்பை விட்ட வருஷங்களுக்கும் அதில் பதில் சொல்ல வேண்டும். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். பதின்மூன்று வருஷத்தையும் அந்த ஒரு வரிக்குள் மறைத்துவிட்டேன். படித்துக் காட்டியபோது நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, பேரேட்டில நடுவுல பக்கத்தைக் காலியா விட்டா ஆடிட்டர் அங்கதான் கையை வைப்பார். வரவோ செலவோ, நடந்ததை நடந்த தேதியில எழுது."

அன்றைக்குத்தான் மதகுக் குச்சியின் நோட்டை எடுத்தேன். அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது, "தண்ணி எவ்வளவு நிக்குது?" என்று காலையும் மாலையும் கேட்பார். அவருக்குச் சொல்வதற்காக மதகில் ஒரு குச்சியை நட்டு, அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, 2015-லிருந்து தேதிவாரியாக எழுதி வந்தேன். பிறகு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, கோடையில் உப்பு எந்த வாரத்தில், எந்த சட்ரஸ் மதகு வரைக்கும் ஏறுகிறது என்றும் குறித்தேன். அப்பா போன பிறகும் நிறுத்தவில்லை. பத்து வருஷம், ஆறு நோட்டு. அதைத்தான் கடிதத்தில் எழுதினேன். எந்த வருஷம் எத்தனை நாள் நம் மதகுக்குத் தண்ணீர் வரவில்லை, கஜாவுக்குப் பிறகு உப்பு கரைய எத்தனை மாதம் ஆனது, எனக்கு விளங்காத கேள்விகள் எவை என்றெல்லாம் எழுதினேன். பரிந்துரைக் கடிதம் கேட்டு என் பழைய பேராசிரியரைப் பார்க்கப் போனபோது அவருக்கு என் முகம் ஞாபகம் இல்லை. நோட்டுகளை மேசைமேல் வைத்தேன். ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "மாணவியாக இருந்தபோது நீ செய்ததைப் பற்றி என்னால் எழுத முடியாது, இதைப் பற்றி எழுதுகிறேன்" என்றார்.

நம் ஊரில் நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தை வீசுவோம். அறுவடை முடிந்த வயலைப் பார்க்கிற வெளியூர்க்காரனுக்குத் தாளடிதான் தெரியும். அதற்குப் பெயரே நெல் தரிசு. ஆனால் அந்தத் தரிசில் யாரும் தண்ணீர் பாய்ச்சாமல், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இரவுப் பனியையும் குடித்து உளுந்து வந்துவிடும். பங்குனியில் வீட்டுச் செலவுக்குக் கைகொடுப்பது அந்தத் தரிசு உளுந்துதான். என் பதின்மூன்று வருஷமும் அப்படித்தான் கிடந்திருக்கிறது. நானே அதைத் தரிசு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்த பிறகுதான் விளைச்சல் தெரிந்தது.

உனக்கும் அதே கணக்குதான், பாப்பா. பி.காம். முடித்த கையோடு கல்யாணம், பிறகு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. பதினொரு வருஷம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, இரவெல்லாம் கண்விழித்து நீயே படித்து, கம்பெனியின் முதல் ரிட்டனைத் தாக்கல் செய்தாய். நூல் வரவிலிருந்து கப்பலேற்றும் பில் வரைக்கும் உன் கை படாத காகிதம் இல்லை. அதையெல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுது. உன் பட்டம் மூன்றாண்டுப் படிப்பு. வெளிநாட்டில் எந்தப் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும். அவசரமில்லை. வீட்டிலிருந்தே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.காம். தொடங்கினாலும் நல்லதுதான். முதலில் இருபது நிமிஷம் உட்காரப் பழகு.

பயமில்லை என்று சொன்னால் அது பொய். அங்கே ஒரு செமஸ்டருக்கு முப்பது கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு முப்பது மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஆறு மாதத்தில் 900 மணி நேரம். அறுவடைக் காலத்தில் அதைவிட அதிகமாக உழைத்த உடம்புதான் இது, அதை நினைத்துத் தைரியப்படுத்திக்கொள்கிறேன். குட்டியை நினைத்தால்தான் அந்தத் தைரியம் நிற்பதில்லை. பத்து வயதுப் பெண்ணை விட்டுப் போகிறேன். தீபாவளிக்கு நான் இருக்க மாட்டேன். பெரிய பெண்ணாகும்போது பக்கத்தில் இருப்பேனா என்று தெரியாது. ராத்திரி அவள் தூங்கிய பிறகு அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று அவளாகவே வந்து, "மதகுக் குச்சியை இனி நான் பாத்து எழுதுறேம்மா" என்றாள். ஏழாவது நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டேன். முதல் நாள் அளவை அவளே எழுதிவிட்டாள். பதினாலு அங்குலம். லீவில் வரும்போது நீ கூட இருந்து பார்த்துக்கொள். அம்மாவுக்கு மாதம் ஒரு தடவை சர்க்கரை பார்க்க வேண்டும், அதையும் மறக்காதே.

செப்டம்பர் கடைசி வாரம் கிளம்புகிறேன். அதற்கு முன் ஒரு நாள் நீ வந்து போ. பெட்டி கட்டும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது உன் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அடியில் கிடந்தது. ஓரம் கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது, எழுத்தெல்லாம் தெளிவாக இருக்கிறது. கணக்குப்பதிவியலில் 194 வாங்கியிருக்கிறாய். எனக்கு அது மறந்தே போயிருந்தது. இந்தக் கடிதத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியிருக்கிறேன். லேமினேட் பண்ணிவிடாதே, அதன் பின்பக்கத்தில் முத்திரை வைக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் அக்கா